வாத்தியார் நிற்க வேண்டிய இடம்

"வாத்தியாருக்கு எண்பது தாண்டிவிட்டது, நாலு பேர் சேர்ந்து போய்ப் பார்த்து, ஒரு பொன்னாடை போர்த்திவிட்டு வருவோம்." இந்தியப் பெருங்கடலில் பிரான்சைச் சேர்ந்த ரீயூனியன் தீவில் ஒரு முதிய கூத்து வாத்தியாரைக் கொண்டாடும் யோசனை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். நல்ல எண்ணம்தான். ஆனால் அது நடக்கும் விதத்தில் ஒரு பெரிய பிழை ஒளிந்திருக்கிறது. மண்டபம் பிடிப்பார்கள், மேடை போடுவார்கள், முதல் வரிசையில் பூப்போட்ட நாற்காலி ஒன்றில் வாத்தியாரை உட்காரவைப்பார்கள். அவருக்கு எதிரே அவருடைய பையன்கள் ஆடுவார்கள். ஐந்து நிமிடத்தில் ஆட்டம் தடுமாறும். நாடகத்தில் வாத்தியாரின் இடம் ஆடுபவனுடைய முதுகுக்குப் பின்னால். அங்கிருந்து அவர் அடி எடுத்துக் கொடுக்க வேண்டும், பின்பாட்டு அதை வாங்க வேண்டும், பிறகுதான் வேஷக்காரன் காலை வைப்பான். அந்த இடத்திலிருந்து அவரைத் தூக்கி எதிரே வைத்தால் அவருக்கும் மரியாதை இல்லை, நாடகத்துக்கும் உயிர் இல்லை.

இந்தக் கலையைத் தீவில் பிரெஞ்சில் 'பால் தமூல்' (தமிழ் ஆட்டம்) என்பார்கள், தீவின் பேச்சுமொழியான கிரியோலில் 'நார்ல்கோன்'. நாடகம் என்ற நம் சொல்தான் அப்படித் தேய்ந்திருக்கிறது. 1848 டிசம்பர் 20-இல் அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1860-இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் பெருமளவில் வந்தார்கள். 1882-இல் அந்த வரத்து நிறுத்தப்பட்டது. வந்தவர்களில் பெரும்பங்கு தமிழ் நாட்டுக் கரையிலிருந்து கப்பலேறியவர்கள். ஆனாலும் தீவு அவர்களை மலபார்க் கரையின் பெயரால் 'மல்பார்' என்றே அழைத்தது, இன்றும் அழைக்கிறது. வீட்டுப் பேச்சு சில தலைமுறையில் கிரியோலாகிவிட்டது. தமிழ் தங்கிய இடங்கள் கோயிலும் நாடகமும்தான். பாரதக் கதையையும் இராமாயணக் கதையையும் இரவு முழுக்கப் பாடி ஆடுகிறவர்கள், தாங்கள் அன்றாடம் பேசாத ஒரு மொழியில் ஆயிரக்கணக்கான அடிகளை நெஞ்சில் வைத்திருக்கிறார்கள். அதற்குச் சாவி வாத்தியார்.

ஆகவே அவரைப் பார்க்கப் போவதைக் கொஞ்சம் திட்டமிட்டுச் செய்ய வேண்டும். ஐந்தாறு பேருக்கு மேல் வேண்டாம். காலைப் பலகாரமும் மாத்திரையும் முடிந்த பின், ஒன்பதரை மணிக்கு மேல் போனால் குரல் திறந்திருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் போனால் கண் செருகும், குரல் அடைக்கும். அந்த வீட்டில் விரதம் நடக்கிறதா என்று முதல் நாளே தொலைபேசியில் கேட்டுவிட வேண்டும். தீமிதிக்கு முன் 'கரேம்' என்னும் விரதம் இருக்கிற வீட்டில் மாமிசம், மது, தோல் செருப்பு எதையும் வாசல் தாண்டி எடுத்துப் போகக் கூடாது. சாவுத் தீட்டு இருந்தால் பாட்டுக் கேட்பதையே தள்ளிப்போட வேண்டும். தட்டில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, ஒரு நல்ல பருத்தி வேட்டி. கேடயம் வேண்டாம். அலமாரியில் ஏற்கெனவே நிற்கும் கேடயங்களைத் துடைப்பது அந்த வீட்டுப் பெண்களுக்கு வேலைதான்.

கூட அழைத்துப் போக வேண்டிய ஆள் ஒருவர் இருக்கிறார்: அந்த வாத்தியாருக்குப் பல வருடம் பின்பாட்டுப் பாடிய பழைய நண்பர். அவர் எழுபத்தைந்து வயதில் முட்டிவலியோடு வேறு ஊரில் இருப்பார். கார் அனுப்பியாவது கூட்டி வர வேண்டும். கூத்துப் பாட்டு தனித்தனிப் பாட்டாக நினைவில் இருப்பதில்லை, ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வரும். "அர்ச்சுனன் தபசில் மூன்றாவது பாட்டைப் பாடுங்கள் ஐயா" என்று கேட்டால் வாத்தியார் விழிப்பார். மறதி என்று நாம் நினைத்துக்கொள்வோம். அது மறதியல்ல. அதற்கு முந்தைய காட்சியின் கடைசி அடியைப் பின்பாட்டுக்காரர் எடுத்தால், மூன்றாவது பாட்டு தானாக வந்து நிற்கும். பாட்டுக்குப் பதில் பாட்டு வேண்டும், கேள்விக்குப் பதிலாக அது வராது.

சுருதிப் பெட்டியையும் ஆர்மோனியத்தையும் முதல் நாள் கொண்டுபோக வேண்டாம். வயதான குரல் தன் கட்டையைத் தானே தேடிக்கொள்ளும். பாடப் பாடக் கொஞ்சம் இறங்கும், இறங்கட்டும். நிலையான சுருதியைப் பக்கத்தில் வைத்தால் அவர் அதைப் பிடிக்கப் போய் அடியைத் தவறவிடுவார். காது மந்தமாக இருந்தால் எந்தக் காது நன்றாகக் கேட்கும் என்று வீட்டாரிடம் கேட்டு அந்தப் பக்கம் உட்கார வேண்டும். காதுக் கருவி போட்டிருந்தால் தப்புப் பறையின் சத்தத்தில் அது கீச்சிடும். அடிக்கும்போது கழற்றி வைக்கலாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான எச்சரிக்கை: அவருடைய தமிழைத் திருத்தாதீர்கள். இந்தியாவில் படித்துவிட்டு வந்தவர்களும், இந்தியாவிலிருந்து வரும் விருந்தினர்களும் ஆர்வத்தில் செய்கிற கெடுதல் இது. "அது அப்படியில்லை ஐயா, இப்படி" என்று ஒரு தடவை சொன்னால் போதும், அடுத்த பாட்டை அவர் தயங்கித் தயங்கிப் பாடுவார். இரண்டாவது தடவை சொன்னால் பாடமாட்டார். அவர் வாயில் இருப்பது கெட்டுப்போன தமிழ் அல்ல. கப்பலேறிய நூற்றாண்டின் வடதமிழகத்து மேடைத் தமிழும் கிரியோல் நாக்கும் சேர்ந்து உருவான ஒரு பாட்டு மொழி. அதற்கு ஒழுங்கு உண்டு. சொல்லின் ஈற்றில் வரும் 'அம்' மூக்கொலியாகி 'ஓன்' ஆகும்: மத்தளம் 'மத்தலோன்', ரசம் 'லார்சோன்'. நெடில் ஆகாரத்தின் பின்னால் ஒரு ரகரம் ஒட்டிக்கொள்ளும்: பாரதம் 'பார்ல்தோன்', வாத்தியார் 'வார்த்தியால்'. உயிர்களுக்கு நடுவில் வரும் டகரம் லகரமாக இளகும்: உடுக்கை 'ஊல்கே'. மூன்று போக்கும் சேர்ந்தால் நாடகம் நார்ல்கோன் ஆவதில் என்ன ஆச்சரியம்?

இந்த ஒழுங்கு தெரியாமல் அவருடைய நோட்டைத் தொடக் கூடாது. வாத்தியாருக்கு நோட்டுத்தான் சொத்து. சில நோட்டுகள் தமிழ் எழுத்தில், பாட்டன் கையெழுத்தைப் பார்த்துப் படியெடுத்தவை. பல நோட்டுகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக் கட்டம் போட்ட நோட்டில், ரோமன் எழுத்தில், காதில் விழுந்ததைப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் எழுதியவை. அதில் ஒரு பக்கத்தில் 'பலோன்' என்று ஒரு சொல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ல, ள, ழ மூன்றும் ஒரே எழுத்தில் விழுந்துவிட்டன; டகரமும் அதிலேயே வந்து சேரலாம்; ஒற்று இரட்டித்ததா என்பதும் தெரியாது. ஆகவே அந்த ஒரு சொல் பலம், பழம், பள்ளம், படம் எதுவாகவும் இருக்கலாம். எழுத்தை வைத்து முடிவு செய்ய வழியே இல்லை. முன்னும் பின்னும் என்ன கதை, யார் வேஷம், எதுகை எங்கே விழுகிறது, அந்த இடத்தில் அவர் கை என்ன காட்டுகிறது, இவற்றை வைத்துத்தான் சொல்ல முடியும். இதெல்லாம் அவர் உடம்பில் இருக்கிறது. அவர் போன பிறகு நோட்டு நம் கையில் இருந்தாலும் அந்தச் சொல் பூட்டியே இருக்கும். அதனால் நோட்டைப் படம் எடுப்பதும், அதே பக்கத்தை அவர் பாடுவதைப் பதிவு செய்வதும் ஒரே வேலையாக நடக்க வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றைச் செய்தால் பாதிப் பயன்கூட இல்லை.

படம் எடுக்கும்போது தையலைப் பிரிக்கக் கூடாது. நோட்டை 180 பாகை மல்லாத்தி அழுத்தாமல், ஒரு பக்கத்துக்கு அடியில் மடித்த துண்டை வைத்துத் தாங்கினால் முதுகு உடையாது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும், பிளாஷ் வேண்டாம். கேமரா தாளுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். முதல் படத்தில் ஒரு அளவுகோலை வைத்து எடுத்தால் பிற்காலத்தில் அளவு தெரியும். அட்டை, வெற்றுப் பக்கம், கடைசிப் பக்கத்துக் கடன் கணக்கு, எல்லாவற்றையும் வரிசை எண்ணோடு எடுக்க வேண்டும். கைபேசியில் ஸ்கேன் செய்யும் செயலிகள் பக்கத்தைச் 'சுத்தம்' செய்து கறுப்பு வெள்ளையாக்கிவிடும். பென்சில் குறிகள் அதில் அழிந்தே போகும். அந்தக் குறிகள்தான் எங்கே மூச்சு, எங்கே மறுபடி, எங்கே தாளம் மாறுகிறது என்று சொல்பவை. எண்ணெய்க்கறையும் மஞ்சள் விரல் ரேகையும்கூடத் தகவல்தான்: அழுக்கு அதிகமான பக்கம் அதிகம் பாடிய பக்கம்.

கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்டாதீர்கள். சில வருடத்தில் பசை மஞ்சளாகி மையைத் தின்றுவிடும். லேமினேஷன் அதைவிட மோசம், திருப்பி எடுக்கவே முடியாது. தீவின் கிழக்குக் கரை மழைக்கரை. சேன்ட் ஆந்த்ரே, சேன்ட் பெனுவா பக்கம் வீட்டுக்குள்ளேயே தாள் ஓதம் பிடிக்கும், பூஞ்சை வரும். பூஞ்சை பிடித்த நோட்டை வெயிலில் காயவைத்தால் தாள் மொறமொறத்து உடையும். நிழலில், காற்றோட்டத்தில் உலரவிட்டு, மூக்கை மூடிக்கொண்டு மென்மையான தூரிகையால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிபோட்ட டப்பாவில் வைக்கலாம். வேஷத்துக்குப் போடும் மர நகைகளுக்கு எதிரி வேறு. கறையானைக் கிரியோலில் 'கரியா' என்கிறார்கள், உறவு ஒலியிலேயே தெரிகிறது. கிரீடமும் புஜக்கட்டையும் சுவரை ஒட்டியோ தரையிலோ இருக்கக் கூடாது.

பதிவுக்கு வருவோம். கைபேசி மட்டும் போதாது. அதில் ஒலியளவைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கும். தப்பில் ஒவ்வொரு அடி விழுந்ததும் குரலைக் கீழே தள்ளும், பிறகு மெல்ல மேலே தூக்கும். கேட்டால் வாத்தியார் கிணற்றில் விழுந்து எழுந்து பாடுவதுபோல இருக்கும். சிறிய ரெக்கார்டர் ஒன்று போதும்: வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஸ்டீரியோவில் ஒரு மணிக்கு ஏறத்தாழ ஒரு கிகாபைட் ஆகும், அதற்கேற்ற கார்டு வேண்டும். உரத்த இடத்தில் முள் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி கையால் அளவு வைத்துக்கொள்ள வேண்டும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேரே இல்லாமல் சற்றுக் கீழே பக்கவாட்டில் இருந்தால் மூச்சுக்காற்று அடிக்காது. வீட்டுக்காரரிடம் கேட்டுக் குளிர்பெட்டியை அரைமணி நேரம் அணைத்து வையுங்கள், மறக்காமல் மறுபடி போட வேண்டும். (கார்ச் சாவியைக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டால் போடாமல் யாரும் கிளம்ப முடியாது.) தகரக் கூரையில் மழை இறங்கினால் பதிவை நிறுத்திவிட்டுப் பேச வேண்டியதுதான்.

முதலில் வெறுங்குரல். பத்து நிமிட ஓய்வு, வெதுவெதுப்பான தண்ணீர். பிறகு அதே பாட்டு தாளத்தோடு. கைத்தாளத்தின் ஓசை கூர்மையானது, அருகில் இருந்தால் குரலைக் கிழித்துவிடும். தாளக்காரர் மைக்குக்கு இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, அதன் முதுகுப் பக்கம் உட்கார வேண்டும். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, ஊர், பாடுபவர் பெயர், கதை, நோட்டுப் பக்க எண் ஆகியவற்றை வாயால் சொல்லிவிட வேண்டும். கோப்பின் பெயர் மாறிப்போகலாம், வாயால் சொன்னது மாறாது. அன்று இரவுக்குள் மூன்று படி: ஒன்று வாத்தியார் வீட்டுக்கு, ஒன்று உங்களிடம், ஒன்று வேறு ஊரில் ஒருவரிடம். புயல் தீவு இது, எல்லாப் படியும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கக் கூடாது.

விழா வைப்பதென்றால் தப்புப் பறை இல்லாமல் தொடங்க முடியாது. தப்பை, கிரியோலில் 'தப்பூ'வை, காய்ச்சத் தெரிந்த ஒருவனை அதற்கென்றே நியமித்துவிடுங்கள். ஆட்டுத்தோல் ஈரத்தை உறிஞ்சினால் தளரும், தளர்ந்தால் ஓசை 'பொத்' என்று விழும். நெருப்பில் காட்டினால் ஈரம் போய்த் தோல் சுருங்கி இறுகும், ஓசை கணீரென்று ஏறும். காய்ந்த கரும்புச் சருகு நல்ல எரிபொருள், சட்டென்று பிடிக்கும். ஆனால் சட்டென்று அணையவும் செய்யும், ஆகவே பக்கத்தில் இன்னொரு கட்டுச் சருகு இருக்க வேண்டும். தோல் பக்கம் நெருப்பைப் பார்க்க, தீநாக்குக்கு ஒரு முழம் மேலே, வளையத்தைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே இடத்தில் காட்டினால் அந்த இடம் மட்டும் இறுகி, இழுப்பு ஒருபக்கமாகி, விளிம்பை ஒட்டிக் கீறல் விடும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து விரலால் நடுவிலும் ஓரத்திலும் தட்டிப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஓசை சீராக ஏறினால் சரி. தோலில் கருகல் வாசனை வந்தால் காலம் கடந்துவிட்டது. கேஸ் பர்னரில் காட்டுவது வேண்டவே வேண்டாம், அந்தச் சூடு ஒரு புள்ளியில் குத்தும். கிழக்குக் கரையின் இரவுப் பனியில் இருபது நிமிடத்தில் ஓசை மறுபடி இறங்கத் தொடங்கும். எனவே நெருப்பை அணைக்காமல் ஒரு ஓரத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு தப்பு அடிக்கும்போது மூன்றாவது காய வேண்டும். தடித்த குச்சியையும் நீள மூங்கில் சிம்பையும் ஓதம் படாமல் அதே நெருப்புக்குப் பக்கத்தில் வைக்கலாம்.

நாடகம் மரபுப்படி விடிய விடிய நடப்பது. எண்பது வயதுக்காரரை விடிய விடிய நிறுத்துவது அன்பு ஆகாது. ஒன்றரை மணி நேரத்துக்கு இரண்டு மூன்று காட்சி போதும். எந்தக் காட்சி என்பதை அவர் சொல்லட்டும். எளிதானதைத்தான் சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். கை வைத்த, முதுகு நிமிர்ந்த, தாழாத நாற்காலி ஒன்றை ஆடுகளத்தில் வேஷக்காரனுக்குப் பின்னால் மூன்று நான்கு அடியில் போடுங்கள். சோபா வேண்டாம், அதில் புதைந்து உட்கார்ந்தால் வயிறு மடங்கும், மூச்சு எழாது. அவருக்கு வலப்பக்கம் பின்பாட்டு, இடப்பக்கம் மத்தளமும் தாளமும், அல்லது அவர் பழகியபடி. நோட்டு வைக்க ஒரு தாங்கி, அதன்மேல் கண்ணில் குத்தாத ஒரு விளக்கு. ஸ்பீக்கர்கள் இவர்களுக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும். அவருக்குப் பின்னால் வைத்தால் ஊளையிடும், ஒலிக்காரர் மைக்கைக் குறைப்பார், வேஷக்காரனுக்கு அடி கேட்காது. ஆடுபவன் காது ஸ்பீக்கரை நம்பக் கூடாது, வாத்தியாரின் வாயை நேரடியாகக் கேட்க வேண்டும்.

வேஷம் கட்ட ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் ஊர்ப் பெரியவர்களின் பேச்சை முடித்துவிட வேண்டும். பேச்சை நடுவில் செருகினால் தப்பும் குளிரும், வாத்தியாரின் குரலும் குளிரும். பொன்னாடையைக் கடைசியில் போர்த்துங்கள், பாடும்போது தோளில் கனம் வேண்டாம். சாப்பாடு வாழையிலையில், குழைய வடித்த சோறும் லார்சோனும் அவருக்கு முதலில்.

பணத்தைப் பற்றிக் கூச்சப்படாமல் பேச வேண்டும். மேடையில் உறையை நீட்டிப் படம் எடுப்பது அழகில்லை. விழாவுக்கு முந்தைய நாளே, வீட்டில், அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். பின்பாட்டுக்காரருக்கும் தாளக்காரர்களுக்கும் தனித்தனியாக. பதிவை யாருக்குக் கொடுக்கலாம், இணையத்தில் போடலாமா, நோட்டுப் படங்களை யார் பார்க்கலாம் என்பதை அவர் மொழியில், கிரியோலில், விளக்கிக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். கோயிலில் அதற்குரிய நேரத்தில் மட்டும் பாட வேண்டியவையும், சாவு வீட்டில் மட்டும் பாட வேண்டியவையும் உண்டு. "இதை இங்கே பாடக் கூடாது" என்று அவர் சொன்னால் மைக்கை மூடுங்கள், காரணம் கேட்டு நெருக்க வேண்டாம்.

பிறகு ஒரு வாரம் கழித்து மறுபடி போக வேண்டும். இந்த இரண்டாவது போக்கைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். விழா முடிந்ததும் நண்பர்கள் கலைந்துவிடுவார்கள், பதிவு யாரோ ஒருவருடைய கணினியில் தூங்கும். இரண்டே பேர் போதும். பாட்டை 20 புள்ளி எழுத்தில் அச்சடித்துக்கொள்ளுங்கள்: மேல் வரியில் அவர் எழுதியபடி ரோமன் எழுத்து, கீழ் வரியில் நீங்கள் ஊகித்த தமிழ், இரண்டு வரிக்கும் நடுவே விரல் அகல இடம். பதிவைப் போட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். வலது கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். எங்கே அந்தக் கை நிற்கிறதோ அங்கே ஏதோ பிசகு: அவர் அன்று அடி மாற்றிப் பாடியிருக்கலாம், நீங்கள் சொல்லைத் தவறாகப் பிரித்திருக்கலாம். பாட்டை நிறுத்தாமல் நிமிடத்தையும் நொடியையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். முழுப் பாட்டும் முடிந்த பிறகு, குறித்த இடத்துக்கு ஐந்து நொடி முன்னாலிருந்து மறுபடி போட்டு, பேனாவை அவர் கையில் கொடுங்கள்.